பொதியறை மறைப்பு (மகிழுந்து)

பொதியறை மறைப்பு என்பது மகிழுந்தின் பொதியறைக்கு மேலே, பின் இருக்கையின் சாய்மானத்துக்கும் பின் கண்ணாடிக்கும் இடையில் கிடைமட்டமாக அமையும் தட்டு அல்லது திரை ஆகும். பொதியறையைத் தமிழகத்தில் டிக்கி என்றும், அதன் மேலுள்ள தட்டைப் பார்சல் டிரே என்றும் பரவலாக அழைக்கின்றனர். டிக்கியில் உள்ள பொருட்கள் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாமல் காப்பதே இதன் முதன்மைப் பணியாகும். வெயில், தூசி ஆகியவற்றிலிருந்து பொருட்களை ஓரளவு காப்பதும், டிக்கியிலிருந்து வரும் ஒலியைக் குறைப்பதும் இதன் துணைப் பயன்கள்.

இது ஒரு பூட்டு அன்று. ஐந்து கதவு மகிழுந்துகளில் இதனைக் கையால் தூக்கி எடுத்துவிடலாம். ஆகவே இது தரும் பாதுகாப்பு முழுவதும், உள்ளே என்ன இருக்கிறது என்பது பிறருக்குத் தெரியாமல் இருப்பதைச் சார்ந்தது. வண்டியின் பிற பாதுகாப்பு உறுப்புகளிலிருந்து இது வேறுபடுவது இந்த ஒரு கூறில்தான்.

பெயர்

பார்சல் டிரே என்ற பெயர் பொதிகளை வைக்கும் தட்டு எனப் பொருள்படும். பழைய செடான் வகை மகிழுந்துகளில் பின் இருக்கைக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே, உடற்கூட்டுடன் சேர்ந்த உலோகத் தட்டு ஒன்று இருந்தது. தொப்பி, செய்தித்தாள், சிறு பொதிகள் முதலியவற்றை அதன் மேல் வைப்பது வழக்கம். அந்தத் தட்டின் இடத்தில் பின்னாளில் வந்த மெல்லிய மறைப்புக்கும் அதே பெயர் தொடர்ந்தது. பொருளை மேலே வைப்பதற்காக அன்றி, கீழே உள்ளதை மறைப்பதற்காகவே செய்யப்பட்ட ஒன்றுக்கு இப்பெயர் பொருத்தமானதெனக் கூற இயலாது. இன்றும் பலர் இதனை அலமாரியைப் போலப் பயன்படுத்துவதற்குப் பெயரும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சுருட்டி இழுக்கும் திரை வகைக்கு மேலை நாடுகளில் டோனோ கவர் என்ற பெயர் வழங்குகிறது. டோனோ என்பது பீப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். தொடக்ககால மகிழுந்துகளில் பயணிகள் அமரும் திறந்த பின்பகுதி அப்பெயரால் அழைக்கப்பட்டது. ஆள் இல்லாதபோது அப்பகுதியை மூடிய துணியே டோனோ கவர். இப்போது சிற்றுந்துகளின் பின்புறத் திறந்த தொட்டியை மூடும் விரிப்புக்கும் இப்பெயர் வழங்குகிறது.

இந்திய மகிழுந்துகளில்

1980கள் வரை இந்தியச் சாலைகளில் ஓடிய மகிழுந்துகளில் பெரும்பாலானவை அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு எரால்டு போன்ற செடான் வகையின. இவற்றில் டிக்கி தனி அறை. அதற்கு வெளியிலிருந்து திறக்கும் தனி மூடியும் பூட்டும் இருந்தன. பயணிகள் பகுதியிலிருந்து டிக்கிக்குக் கை நுழைய எளிய வழி இல்லை. மறைப்பு என்ற தனிப்பொருளுக்கு அங்கு வேலையே இருக்கவில்லை.

1983 திசம்பரில் அறிமுகமான மாருதி 800 இந்நிலையை மாற்றியது. அதன் பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் வகையில் இருந்தது. டிக்கியும் பயணிகள் பகுதியும் ஒரே வெளி ஆயின. இவ்வகை ஹேட்ச்பேக் எனப்படும். 1998 இல் ஹுண்டாய் நிறுவனத்தின் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோவும், அதே ஆண்டில் டாட்டா இண்டிகாவும், 1999 இல் மாருதி வேகன் ஆரும், 2005 இல் மாருதி சுவிஃப்ட்டும் வந்தன. 2006 ஆம் ஆண்டின் நடுவண் அரசு வரவுசெலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் சிறிய பொறியும் கொண்ட மகிழுந்துகளுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இதனால் குறுகிய பின்புறம் கொண்ட வண்டிகள் மேலும் பெருகின. நடுத்தரக் குடும்பத்தின் பயணப் பைகள் முதன்முறையாகக் கண்ணாடிக்கு நேர் கீழே வந்து அமர்ந்தன எனலாம்.

2012 இல் ரெனோ டஸ்டர், 2013 இல் ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், 2015 இல் ஹுண்டாய் கிரெட்டா என எஸ்யூவி வடிவ வண்டிகள் பரவியபோதும் பின்புற அமைப்பு ஹேட்ச்பேக்கைப் போன்றதாகவே இருந்தது. இந்த மூன்றும் தமிழகத் தொழிற்சாலைகளில் உற்பத்தியானவை என்பது குறிப்பிடத்தக்கது.

விலை குறைந்த பதிப்புகளில் மறைப்பைத் தராமல், அதனைத் துணைக்கருவியாகத் தனி விலைக்கு விற்கும் வழக்கம் இந்தியாவில் உண்டு. வாங்குபவர் அதனை அழகுப் பொருளாகக் கருதி விட்டுவிடுவதும் உண்டு.

வகைகளும் அமைப்பும்

நிலைத்தட்டு: செடான் வண்டிகளில் காணப்படுவது. உடற்கூட்டின் உலோகத் தகடே தட்டாக அமைகிறது; மேலே துணி அல்லது நெகிழி உறை இருக்கும். வண்டியின் உறுதிக்கும் இத்தகடு துணைபுரிகிறது. இதனைக் கழற்ற இயலாது.

தூக்குத்தட்டு: ஹேட்ச்பேக்குகளில் மிகுதியாகக் காணப்படுவது. அழுத்திய மரநார்ப் பலகை அல்லது பாலிப்புரொப்பிலீன் போன்ற நெகிழியால் செய்யப்பட்டு, மேலே கம்பளம் போன்ற துணி ஒட்டப்பட்டிருக்கும். இருக்கையை ஒட்டிய முனையில் இரு பக்கமும் உள்ள சிறு முளைகள் பக்கச் சுவரின் குழிகளில் அமர்கின்றன. மறுமுனையிலிருந்து இரண்டு கயிறுகள் பின்கதவுடன் இணைகின்றன. கதவைத் திறக்கும்போது கயிறு தட்டையும் தூக்குகிறது. மூடும்போது தட்டு தன் எடையால் கீழே இறங்குகிறது. சுருள்வில்லும் மின்பொறியும் இல்லாத எளிய அமைப்பு இது. இதன் சிறப்பு, மூடுவதற்குத் தனியாக நினைவு தேவையில்லை என்பதே. கதவு மூடினால் மறைப்பும் மூடிவிடும். கயிறு அறுந்த வண்டியில் இச்சிறப்பு போய்விடுகிறது. தட்டைக் கையால் தூக்கி, தலையால் தாங்கிக்கொண்டு பையை எடுக்க வேண்டிவரும். சில நாட்களில் தட்டு வீட்டுப் பரணுக்குச் சென்றுவிடும்.

சுருள் திரை: பெரிய எஸ்யூவிகளில் காணப்படுவது. இருக்கையின் பின்னால் குறுக்காகப் பொருத்தப்பட்ட குழாயினுள் சுருள்வில்லின் இழுவிசையில் சுற்றப்பட்ட திரை இருக்கும். கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பின்புறப் பக்கங்களில் உள்ள கொக்கிகளில் மாட்ட வேண்டும். பயன்படுத்தாதபோது இது சுருங்கிக் குழாய்க்குள் போய்விடுவது வசதி. ஆனால் இழுத்து மாட்டுவது ஓட்டுநரின் பொறுப்பு என்பதால் மறந்துபோகவும் வாய்ப்பு உண்டு. குழாய் கனமானது, பெரிய பொருளை ஏற்றும்போது அதனைக் கழற்றி வைக்க இடம் தேட வேண்டும். சில வண்டிகளில் டிக்கியின் தரைப்பலகைக்குக் கீழே குழாய்க்கென்றே பள்ளம் அமைத்துள்ளனர். சிறிய செய்திதான், ஆயினும் நெடும்பயணத்தின் நடுவில் இதன் அருமை விளங்கும்.

மறைப்பற்றவை: 2005 இல் வந்த டொயோட்டா இன்னோவா, 2012 இல் வந்த மாருதி எர்டிகா போன்ற மூன்று வரிசை வண்டிகளில், கடைசி வரிசையை நிமிர்த்தினால் மறைப்புக்கு இடமில்லை. பைகள் கடைசி இருக்கையின் முதுகுக்கும் கதவுக்கும் இடையே செங்குத்தாக அடுக்கப்படுகின்றன. குடும்பமாகச் செல்வோர் மிகுதியாகப் பயன்படுத்தும் வண்டிகளே மறைப்பு இல்லாதவையாகவும் இருப்பது ஒரு முரண்.

மறைத்தலும் பூட்டுதலும்

நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து பொருளைத் திருடுவது பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும் செயல். பக்கக் கண்ணாடிகளும் பின் கண்ணாடியும் பெரும்பாலான வண்டிகளில் கடினப்படுத்திய கண்ணாடியால் ஆனவை. உடையும்போது கூரிய துண்டுகளாக அல்லாமல் சிறுசிறு மணிகளாகச் சிதற வேண்டும் என்பது பயணிகளின் நலன் கருதிய வடிவமைப்பு. அதே பண்பு, ஒரே அடியில் முழுக் கண்ணாடியும் உதிர்ந்துவிடவும் வழி செய்கிறது. பல சிறிய வண்டிகளின் எச்சரிக்கை ஒலி கதவு திறப்பதை மட்டுமே உணரும். உடைந்த கண்ணாடி வழியே நுழையும் கையை உணராது.

எனவே, உடைப்பது கடினமா என்பதை விட, உடைத்தால் பயன் உண்டா என்ற கணக்கே முன்னதாக நிற்கிறது. மறைப்பு இக்கணக்கைக் குழப்புகிறது. இருக்கையில் கிடக்கும் மடிக்கணினிப் பை விடையை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. மூடிய டிக்கி ஒன்றும் சொல்வதில்லை.

இதில் எளிதில் கவனத்துக்கு வராத ஒரு நிபந்தனை உள்ளது. மறைப்பு எப்போதும் மூடியிருந்தால்தான் அது ஒன்றும் சொல்லாது. மதிப்புள்ள பொருள் இருக்கும் நாளில் மட்டும் திரையை இழுத்து மூடுபவரின் வண்டியில், மூடிய திரையே அடையாளம் ஆகிவிடும். இருக்கை மேல் போர்த்திய துண்டு, பையின் மேல் விரித்த செய்தித்தாள் ஆகியனவும் இவ்வாறே காட்டிக்கொடுப்பவை. கதவுடன் தானே மூடிக்கொள்ளும் மலிவான தூக்குத்தட்டு, கையால் இழுக்க வேண்டிய விலையுயர்ந்த சுருள் திரையை விட இந்த ஒரு வகையில் மேலானது. இதற்கு நேர்மாறாக, மறைப்பைத் திறந்து வைத்து வெறும் டிக்கியைக் காட்டிவிட்டுச் செல்வோரும் உள்ளனர். டிக்கி உண்மையிலேயே வெறுமையாக இருக்கும்வரை அதுவும் செல்லுபடியாகும் முறையே.

இந்தியாவில் கண்ணாடி பற்றிய சட்டமும் இதனுடன் தொடர்புடையது. 1989 ஆம் ஆண்டின் நடுவண் மோட்டார் வாகன விதிகளில் 100 ஆம் விதி, முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும் எனக் கூறுகிறது. இவ்விதி பல ஆண்டுகள் ஏட்டளவில் இருந்தது. கறுப்புப் படலம் ஒட்டிய வண்டிகள் எங்கும் ஓடின. 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்துப் படலங்கள் சாலையோரங்களில் உரிக்கப்பட்டன. படலம் பற்றிய விதிகள் பின்னர் திருத்தப்பட்டாலும், பின் கண்ணாடி 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும் என்றால், அதனூடே டிக்கியில் உள்ள பையின் நிறத்தைக்கூடக் காணலாம். அதாவது, விதிக்கு உட்பட்ட வண்டியில் கண்ணாடி எதையும் மறைப்பதில்லை. அந்த வேலை மறைப்புத் தட்டிடமே வந்து சேர்கிறது.

செடான் வகையின் தனி டிக்கி மேலானது என்ற கருத்து பரவலாக உள்ளது. உலோகத் தட்டும் தனி மூடியும் இருப்பதால் அது பெரும்பாலும் சரியே. ஆனால் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, ஓட்டுநர் இருக்கை அருகே உள்ள டிக்கி திறக்கும் நெம்புகோல் அல்லது பொத்தான். பக்கக் கண்ணாடி உடைந்தால் அதனை எட்டிவிடலாம். மற்றொன்று, மடியும் பின் இருக்கை. சாய்மானத்தை மடிக்கும் பிடி பயணிகள் பக்கம் இருந்தால் டிக்கிக்கு உள்வழி கிடைத்துவிடுகிறது. அப்பிடியை டிக்கியின் உட்புறம் வைப்பதும், சாய்மானத்துக்குச் சாவித்துளை தருவதும் இதற்கான தீர்வுகள். நெம்புகோலைப் பூட்டும் வசதியும், டிக்கியைத் திறக்காத இரண்டாவது சாவியும் சில வெளிநாட்டு வண்டிகளில் தரப்பட்டன. வண்டியை நிறுத்தித் தரும் விடுதி ஊழியரிடம் கொடுப்பதற்கான சாவி அது.

முழுவதும் அடைபட்ட டிக்கிக்கு மற்றொரு முகமும் உண்டு. விளையாடும் குழந்தை உள்ளே சென்று மூடிக்கொண்டால் வெளிவர இயலாது; மறைப்புத் தட்டு உள்ள ஹேட்ச்பேக்கில் அதனை உள்ளிருந்து தள்ளிவிடலாம். ஐக்கிய அமெரிக்காவில் 2001 செப்டம்பர் முதல் உற்பத்தியாகும் செடான் வண்டிகளின் டிக்கியில், இருட்டிலும் தெரியும் உட்புறத் திறப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. திருடனைத் தடுக்கும் வடிவமைப்பும் உள்ளே சிக்கியவரைக் காக்கும் வடிவமைப்பும் ஒன்றையொன்று இழுப்பவை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

தமிழகத்தில் காவல்துறையினர் அடிக்கடி எச்சரிக்கும் முறை ஒன்றில் கண்ணாடி உடைக்கப்படுவதே இல்லை. ரூபாய்த் தாள்களைக் கீழே சிதறவிட்டோ, சக்கரத்தில் காற்று இறங்குகிறது எனக் கூறியோ ஓட்டுநரைக் கீழே இறக்கி, அந்த இடைவெளியில் இருக்கையிலுள்ள பையை எடுத்துச் செல்வது அம்முறை. டிக்கியில் மறைத்த பை இங்கு தப்பிவிடுகிறது. தொலைக்கட்டுப்பாட்டுச் சாவியின் வானலைச் சைகையைக் குலைத்து, வண்டி பூட்டிக்கொள்ளாமலே இருக்கச் செய்யும் முறையும் உண்டு. அதற்கு எதிராக மறைப்பால் எதுவும் செய்ய இயலாது. பூட்டும் ஓசையைக் கேட்டு, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதே வழி.

எடுத்துக்காட்டு: சிறுவாச்சூர்

மறைப்பின் பயனும் வரம்பும் தெளிவாக விளங்கும் இடம், பலர் ஒரே நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நெடுநேரம் விலகியிருக்கும் ஊர். பெரம்பலூர் மாவட்டத்தில், பெரம்பலூருக்குத் தெற்கே சென்னை - திருச்சிராப்பள்ளி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள சிறுவாச்சூர் அத்தகையது. இங்குள்ள மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாக வாரத்தில் திங்கள், வெள்ளி ஆகிய இரு நாட்களில் மட்டுமே வழிபாட்டுக்குத் திறக்கப்படுகிறது. சில சிறப்பு நாட்களிலும் திறப்பதுண்டு. பல குடும்பங்களுக்கு இது குலதெய்வக் கோயில். ஆகவே ஏழு நாட்களில் பரவியிருக்க வேண்டிய வருகை இரண்டு நாட்களில் குவிகிறது.

சென்னையிலிருந்து வரும் குடும்பத்தின் டிக்கியில் உள்ளவை ஏறக்குறைய ஊகிக்கக் கூடியவை. மாவிளக்குக்கான அரிசியும் வெல்லமும் நெய்யும், தேங்காய், பூ, அபிடேகப் பொருட்கள், மாற்று உடை, திருச்சியிலோ திருவரங்கத்திலோ இரவு தங்குவதற்கான பைகள், சில வேளைகளில் அலுவலக மடிக்கணினி. மாவிளக்குக்கான மாவைக் கோயிலிலேயே இடித்துச் செய்வது இங்குள்ள வழக்கம் என்பதால் வழிபாடு விரைவில் முடிவதில்லை. முடி இறக்குதல், காது குத்துதல் ஆகியவை இருந்தால் அரைநாள் ஆகிவிடும். அவ்வளவு நேரமும் வண்டி திறந்த வெளியில், அறிமுகமற்ற பலர் கடந்து செல்லும் இடத்தில் நிற்கும்.

இங்கு மறைப்பு எப்போது மூடப்படுகிறது என்பது, அது எவ்வளவு நன்றாக மூடுகிறது என்பதைவிட முக்கியமானது. கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, கைப்பையையும் கைபேசிகளையும் டிக்கியில் வைத்து மூடுவது பலரது பழக்கம். அருகில் நின்று பார்ப்பவருக்கு அதன்பின் மறைப்பு இருந்தும் இல்லாததே. முன்னதாகவே, பெரம்பலூரிலோ வழியில் உணவுக்கு நிறுத்திய வேறிடத்திலோ வேண்டாதவற்றை டிக்கியில் வைத்து மூடிவிட்டு, பூசைப் பொருட்களை மட்டும் பயணிகள் பகுதியில் கையெட்டும் தொலைவில் வைத்து வந்தால், கோயிலில் டிக்கியைத் திறக்கவே தேவையிராது. திருச்சிப் பக்கத்திலிருந்து வருவோருக்குப் பாடாலூர் அத்தகைய இடம். பின்கதவு சுவரையோ மரத்தையோ ஒட்டி இருக்கும்படி பின்னோக்கி நிறுத்துவதும் உதவும். ஆனால் அருகில் ஆள் நடமாட்டமே இல்லாத மூலையைத் தேடிச் செல்வது எதிர்மாறான பயனையே தரும்.

நகை, பணம், அடையாள ஆவணங்கள் ஆகியவற்றை எந்த வகை மறைப்பின் கீழும் விட்டுச் செல்வது தகாது.

விபத்தின்போது

மறைப்பின் மேல் பொருள் வைப்பது குறித்த எச்சரிக்கை பெரும்பாலான வண்டிகளின் கையேட்டில் உள்ளது. காரணம் எளிய இயற்பியல். வண்டி மோதி நின்றாலும் தட்டின் மேலுள்ள பொருள் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லும். அதன் வழியில் முதலில் இருப்பது பின் இருக்கையில் அமர்ந்தவரின் தலை.

இவ்வேகத்தை, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் அதே வேகம் கிடைக்கும் என்ற அளவால் உணரலாம். வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் உயரம் கிடைக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகம் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்குச் சமம். 80 கி.மீ. என்றால் 25 மீட்டர். 100 கி.மீ. என்றால் 39 மீட்டர். கோயிலில் உடைப்பதற்காகத் தட்டின் மேல் வைத்த தேங்காய், நெடுஞ்சாலை வேகத்தில் மோதலின்போது, ஓங்கி வளர்ந்த தென்னையின் உச்சியிலிருந்து விழும் தேங்காய்க்கு ஒப்பாகும். தென்னையின் கீழ் நிற்க அஞ்சுபவர்களும் இத்தட்டின் முன் அமர அஞ்சுவதில்லை.

ஒலிபெருக்கிகள் இதில் தனி இடம் பெறுகின்றன. தட்டில் முட்டை வடிவத் துளை வெட்டி இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளைப் பொருத்துவது இந்தியாவில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். சில கடைகள் அசல் தட்டை நீக்கிவிட்டு ஒட்டுப்பலகையால் புதிய தட்டே செய்து தருகின்றன. நெகிழி முளைகளும் மெல்லிய கயிறுகளும் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட எடை சில நூறு கிராம் அல்லது ஒன்றிரண்டு கிலோ மட்டுமே. அதன் மேல் காந்தமும் இரும்புச் சட்டமும் கொண்ட ஒலிபெருக்கிகள் ஏறும்போது தட்டு முழுவதுமே பறக்கக்கூடிய பொருளாகிவிடுகிறது.

தட்டின் கீழே உள்ள கனமான பொருளைத் தடுத்து நிறுத்துவது மறைப்பு அன்று. பின் இருக்கையின் சாய்மானமே. ஐக்கிய நாடுகள் அவையின் 17 ஆம் எண் வாகன ஒழுங்குமுறையில் இதற்கென ஒரு சோதனை உள்ளது. தலா 18 கிலோ எடையும் 30 செ.மீ. பக்கமும் கொண்ட இரண்டு கனசதுரங்களை டிக்கியில் வைத்து, மணிக்கு 50 கி.மீ. வேக மோதலுக்கு ஒப்பான நிலையில் சாய்மானம் தாங்குகிறதா எனப் பார்க்கின்றனர். கனமான பெட்டியைத் தரையில், சாய்மானத்தை ஒட்டி வைத்தால் அது ஓடிவந்து மோதுவதற்கான இடைவெளி குறைகிறது. சுருள் திரையை, எஸ்யூவிகளில் கூரை வரை கட்டும் தடுப்பு வலையாக எண்ணிக்கொண்டு அதற்கும் மேலே பொருட்களை அடுக்குவது ஆபத்தானது. திரை ஒரு துணி மட்டுமே.

கொள்ளளவும் பிற நடைமுறைச் சிக்கல்களும்

டிக்கியின் கொள்ளளவு லிட்டரில் குறிக்கப்படுவது பலருக்கு வியப்பூட்டும். செருமானிய முறையில் 20 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் கொண்ட கட்டைகளை டிக்கியில் அடுக்கிப் பார்க்கின்றனர். ஒரு கட்டை சரியாக ஒரு லிட்டர். ஐந்து கதவு வண்டிகளில் வழக்கமாக மறைப்புத் தட்டின் உயரம் வரையே கட்டைகள் அடுக்கப்படும். கூரை வரை அடுக்கினால் எண் கவர்ச்சியாக இருக்கும் என்பதால், இரு வண்டிகளை ஒப்பிடும்போது எந்த உயரம் வரை அளந்தனர் எனப் பார்ப்பது அவசியம். தட்டை எடுத்துவிட்டால் கூடுதலாக இரண்டு பைகள் கொள்ளும். ஆனால் அப்போது மறைப்பும் இல்லை, பின்னால் வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடியும் இல்லை.

அழுத்த இயற்கை எரிவளி உருளை பொருத்திய ஹேட்ச்பேக்குகளில் சிக்கல் வேறு. உருளை டிக்கியின் பெரும்பகுதியை நிரப்பிவிடுவதால், மீதிப் பைகள் தட்டின் மேலோ இருக்கையிலோதான் செல்ல முடியும். 2023 இல் டாட்டா நிறுவனம் அல்ட்ரோஸ் வண்டியில் ஒரு பெரிய உருளைக்குப் பதிலாக இரண்டு சிறிய உருளைகளை டிக்கியின் தரைக்குக் கீழே அமைத்து, மறைப்பின் கீழுள்ள இடத்தை மீட்டுத் தந்தது.

வெயில் மற்றொரு காரணி. பெரம்பலூர், திருச்சிப் பகுதிகளின் கோடையில் பின் கண்ணாடிக்குக் கீழுள்ள கருநிறத் தட்டு கை வைக்க இயலாத அளவு சூடேறும். நெகிழித் தட்டு காலப்போக்கில் வளைந்து, ஓரங்களில் இடைவெளி விடும். அவ்விடைவெளி வழியே டிக்கி தெரியும் என்பதோடு, மேடுபள்ளச் சாலையில் தட்டு கடகடவென ஒலிக்கவும் செய்யும். முளைகளில் சிறிது பஞ்சுநாடா ஒட்டுவது பணிமனைகளில் வழக்கமாகச் செய்யப்படும் சரிபார்ப்பு. தட்டின் நிறம் வெளிர்ந்ததாக இருந்தால் அது பின் கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுநரின் பார்வையை மங்கச் செய்யும். எனவேதான் பெரும்பாலான தட்டுகள் கருமை அல்லது அடர்சாம்பல் நிறத்தில் உள்ளன. டிக்கியினுள் தட்டின் நிழலில் வைத்த பூமாலை, கண்ணாடிக்கு நேர் கீழே வைத்ததை விட நெடுநேரம் வாடாமல் இருக்கும்.

சட்டமும் காப்பீடும்

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303 ஆம் பிரிவு பொதுவான திருட்டைப் பற்றியது. 305 ஆம் பிரிவு குடியிருப்பு, வழிபாட்டிடம் ஆகியவற்றுடன், பொருட்களையோ பயணிகளையோ ஏற்றிச் செல்லும் ஊர்திகளிலிருந்து பொருட்களைத் திருடுவதையும் தனியாகக் குறிப்பிட்டு, ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வழிசெய்கிறது. இதற்கு முன்பிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379 ஆம் பிரிவில் திருட்டுக்கான உச்சத் தண்டனை மூன்று ஆண்டுகளாக இருந்தது.

வழக்கமான மகிழுந்துக் காப்பீடு வண்டிக்கானது. டிக்கியில் இருந்த பைக்கானது அன்று. உடைந்த கண்ணாடிக்கு இழப்பீடு கோரலாம், காணாமற்போன மடிக்கணினிக்குக் கோர இயலாது. தனிப்பட்ட உடைமைகளுக்கான கூடுதல் காப்பீட்டைச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்துக்கு வழங்குகின்றன. அவற்றிலும் பணமும் நகையும் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். வண்டி பூட்டப்பட்டிருந்தது என்பதற்கான அடையாளமும் காவல் நிலையத்தில் பதிந்த முதல் தகவல் அறிக்கையும் இழப்பீடு கோரும்போது கேட்கப்படுவது வழக்கம்.